உப்பு யாத்திரை வழியில் ஒரு வகுப்பு

யாத்திரை என்ற சொல்லுக்கு நம் முன்னோர்கள் நடை என்றே பொருள் கொண்டிருந்தார்கள். காசிக்குப் போனவரும் நடந்தார்; பழனிக்குக் காவடி எடுத்தவரும் நடந்தார். இக்காலத்துப் பள்ளிக்கூடங்களில் 'கல்விச் சுற்றுலா' என்று ஒன்று நடைபெறுகிறது. விடியற்காலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் ஒரு பஸ் வந்து நிற்கும். ஏறி உட்கார்ந்த கணத்திலிருந்து சினிமாப் பாட்டு காதைப் பிளக்கும். ஓர் அணைக்கட்டு, ஒரு கோயில், ஒரு மிருகக்காட்சிச் சாலை, ஒரு ஹோட்டல் ஆகிய நான்கையும் ஒரே நாளில் தரிசித்துவிட்டு, நள்ளிரவில் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு வீடு வந்து சேர்வார்கள். மறுவாரம் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னால், நாற்பது நோட்டுப் புத்தகங்களிலும் ஒரே கட்டுரை இருக்கும். வழியில் கடந்த ஊர்களில் ஒன்றின் பெயர்கூட அதில் இராது.

இதற்காகப் பிள்ளைகளையோ பஸ்ஸையோ குறை கூறுவது நியாயமன்று. மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் போகிறவர்களின் கண்ணில் மைல்கல் படுவதே அதிகம். மணிக்கு இரண்டரை மைல் போகிறவர்களுக்கோ வாய்க்கால் தெரியும். வாய்க்காலில் குளிக்கும் எருமை தெரியும். எருமைக்குச் சொந்தக்காரர் யார், அவருக்கு இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்பது வரையில் தெரிந்துவிடும். இந்த எண்ணத்தினால்தான் சென்ற இரண்டு அரையாண்டு விடுமுறைகளில் ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு, அவரவர் மூட்டையை அவரவர் முதுகில் சுமந்து, திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரையில் நடந்து வந்தோம். முதல் வருஷம் திருச்சியிலிருந்து கும்பகோணம். இரண்டாம் வருஷம் கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம். முதல் தடவை 18 மாணவர்கள் வந்தார்கள். இரண்டாம் தடவை 21 பேர்; அவர்களில் ஏழு பேர் மாணவிகள். அவர்களுக்குத் துணையாக எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரும் வந்தார்.

எந்த வழி?

வழியைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் நடந்து பார்ப்பதற்கென்றே சரித்திரம் போட்டு வைத்த பாதை ஒன்று உண்டு. 1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி மகாத்மா காந்தி சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். ஏப்ரல் 6-ஆம் தேதி கடற்கரையில் உப்பு எடுத்தார். அதற்கு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13-ஆம் தேதி, ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார்கள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்து, ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். ராஜாஜிக்கு அப்போது வயது 51. சித்திரை வெயில், காவிரிப் படுகை மணல், செம்மண் புழுதி. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை இந்த யாத்திரைக்காகவே இயற்றிக் கொடுத்த வழிநடைப் பாட்டைத் தொண்டர்கள் பாடிக்கொண்டே போனார்கள்.

அவர்களுடைய அடிச்சுவட்டை அணுவளவும் விலகாமல் நாங்கள் பின்பற்றினோம் என்று சொல்ல மாட்டேன். லாரிகள் பறக்கும் பெருஞ்சாலையைத் தவிர்த்து, கூடுமான வரையில் ஆற்றங்கரைப் பாதைகளிலும் கிராமச் சாலைகளிலும் நடந்தோம். எங்கள் பருவமும் வேறு; சித்திரைக்குப் பதில் மார்கழி. விடியுமுன் கிளம்பினால் ஒவ்வோர் ஊரிலும் கோயிலில் திருப்பாவை கேட்கும். வாசல்தோறும் கோலங்களும், கோலத்தின் நடுவே பூசணிப் பூவும் இருக்கும். அவற்றை மிதிக்காமல் வரிசையாக விலகி நடப்பதே பிள்ளைகளுக்கு முதல் பாடமாயிற்று.

சுமை

புறப்படுமுன் மூட்டைகளைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை அவர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டில் வெளியான பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. அந்த விதியையே எங்கள் மூட்டைக்கும் வைத்துக்கொண்டோம். ஐம்பது கிலோ எடையுள்ள பையன் ஐந்து கிலோ தூக்கலாம். இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை, ஒரு தட்டு, ஒரு தம்ளர், தண்ணீர்ப் புட்டி, சோப்பு, நோட்டுப் புத்தகம் ஒன்று என்று கணக்குப் போட்டால் ஐந்து கிலோ நிரம்பிவிடும்.

முதலில் கொண்டு வந்த மூட்டைகளில் என்னென்ன இருந்தன தெரியுமா? ஒருவன் மூன்று ஜோடிச் செருப்பு கொண்டு வந்திருந்தான். இன்னொருவன் இஸ்திரிப் பெட்டி. பரீட்சைக்குப் படிக்கலாம் என்று பெளதிகப் புத்தகத்தின் இரண்டு பாகங்களையும் ஒரு பையன் வைத்திருந்தான். எதையும் நான் எடுத்து வெளியே போடவில்லை. "மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு மைதானத்தைப் பத்துத் தடவை சுற்றி வா, அப்புறம் நீயே முடிவு செய்" என்று மட்டும் சொன்னேன். ஆறாவது சுற்றிலேயே இஸ்திரிப் பெட்டி தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டது. பெளதிகம் எட்டாவது சுற்று வரையில் தாக்குப் பிடித்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தாலும் இத்தனை தெளிவு ஏற்பட்டிராது.

கைப்பேசியை மாணவர்கள் கொண்டுவரவில்லை. ஆசிரியர்களிடம் மட்டும் இருந்தது. தினம் மாலையில் தங்கும் இடத்தை அடைந்ததும், ஒவ்வொரு வீட்டுக்கும் பேசிவிடுவோம். பெற்றோர்களின் கையெழுத்து வாங்கி, மருந்துப் பெட்டி எடுத்து, தங்கவிருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சத்திரங்களுக்கும் முன்கூட்டியே எழுதிப் பதில் பெற்ற பிறகுதான் கிளம்பினோம். தைரியம் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு என்பதைப் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து பாலங்கள்

முதல் வருஷத்து நடையில் கல்லணையும் திருவையாறும் தஞ்சையும் பார்த்தோம். ஆயினும் பிள்ளைகள் நோட்டில் அதிகம் எழுதியது திருவையாற்றுக்கும் தஞ்சாவூருக்கும் இடைப்பட்ட சாலையைப் பற்றித்தான். பஸ்ஸில் அரை மணிக்குள் கடந்துபோகும் அந்தத் தூரத்தில் ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன: காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. திருவையாறு என்ற பெயருக்கு இந்த ஐந்து ஆறுகளைக் காரணமாகச் சொல்வதுண்டு. நடந்து போகிறவன் ஐந்து தடவை பாலமேற வேண்டும். ஐந்து தடவை குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். ஐந்து தடவை நின்று எட்டிப் பார்ப்பான். மூன்றாவது பாலத்தில் ஒரு பையன், "ஸார், காவிரியை நாம் அப்போதே தாண்டிவிட்டோமே, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான்.

பூகோளப் பாடத்தில் பல வருஷங்களாக 'டெல்டா' என்று சொல்லி வருகிறோம். கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, அதற்குள் கோடுகள் கிழித்துக் காட்டுகிறோம். பிள்ளைகளும் அதை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓர் ஆறு பலவாகப் பிரிந்து, வயல்களுக்குள் புகுந்து, கடலை அடையுமுன் இளைத்துப் போகிறது என்பது கால் வலிக்க ஐந்து பாலங்களைக் கடந்தவனுக்குத்தான் கேள்வியாக எழுகிறது. அந்தக் கேள்விக்கு அங்கேயே, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாக்கட்டியால் படம் போட்டுப் பதில் சொன்னேன். படம் மறுநாள் பனியில் அழிந்திருக்கும். கேள்வி கேட்டவனுக்கு அது அழியாது.

கடைசியில் வருகிறவன்

இரண்டாம் வருஷத்து நடையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சேர்ந்திருந்தான். அவன் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் கூட்டத்தில் எப்போதும் கடைசியாக வந்தவன் என்று சொன்னால் போதும். வகுப்பிலும் அவனுக்கு அதே இடந்தான்.

வலங்கைமானைத் தாண்டி, நீடாமங்கலத்தில் இரவு தங்கி, மூன்றாம் நாள் மன்னார்குடிச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். காலை ஒன்பது மணிக்கு அவன் ஒரு பர்லாங்கு பின்தங்கியிருந்தான். பத்து மணிக்கு அரை மைல். முன்னால் போனவர்கள் நல்ல பிள்ளைகள். ஒரு புளியமரத்தடியில் மூட்டையை இறக்கிவைத்து, அவனுக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள், கடலை மிட்டாய் தின்றார்கள். கால் மணி நேரம் கழித்து அவன் வந்து சேர்ந்தான். வந்தானோ இல்லையோ, "சரி, வந்துவிட்டான், கிளம்பலாம்" என்று எல்லோரும் எழுந்து மூட்டையை மாட்டிக்கொண்டார்கள்.

இப்படி மூன்று தடவை நடந்ததைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். விரைந்து நடக்கிறவர்களுக்கு மணிக்கு ஒரு முறை ஓய்வு கிடைக்கிறது. ஓய்வு யாருக்கு அவசியமோ, அவனுக்கு ஒரு நிமிஷங்கூடக் கிடைப்பதில்லை. அவன் மேலும் களைக்கிறான், மேலும் பின்தங்குகிறான். பார்ப்பவர்களோ அவன் சோம்பேறி என்கிறார்கள். இதில் யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்பதுதான் விசித்திரம்.

நான்காவது மரத்தடியில், முன்னணியில் நடந்த பதினோராம் வகுப்பு மாணவன் என்னிடம் வந்தான். "ஸார், இவனைப் பஸ்ஸில் ஏற்றி மன்னார்குடிக்கு அனுப்பிவிடலாமே? ஆசிரியையும் கூடப் போகட்டும். நாம் போய்ச் சேரும்போது அங்கே இருப்பான்" என்றான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, யுக்தமான யோசனைதான். சுற்றி நின்ற இருபது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் மட்டும் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வலது குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"காலில் புண் ஆழமானால் நானே பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. முதலில் மூட்டையைப் பார்ப்போம்" என்றேன்.

மூட்டையைப் பிரித்தோம். நாங்கள் தராசில் நிறுத்தபோது இல்லாத ஒரு துணிப்பை உள்ளே இருந்தது. அதில் ஐந்து கிலோ அரிசி! கிளம்பும் நாள் காலையில் அவன் தாயார் கட்டிக் கொடுத்தாராம். "போற இடத்துல யாருக்கும் பாரமா இருக்கக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க, ஸார்" என்று மெதுவாகச் சொன்னான்.

அதற்குமேல் யாரும் பேசவில்லை. பஸ் யோசனை சொன்ன மாணவன் குனிந்து அந்த அரிசிப் பையை எடுத்துத் தன் மூட்டையின் மேல் கட்டிக்கொண்டான். கொப்புளத்துக்கு ஆசிரியை மருந்து வைத்துக் கட்டினார். நான் கட்டளை ஒன்றும் பிறப்பிக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்தேன். அன்று பிற்பகலிலிருந்து அவன் எல்லோருக்கும் முன்னால் நடக்க வேண்டும். அவனை யாரும் தாண்டக்கூடாது.

ஆமை வேகத்தில் போகப்போகிறோம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் மறுநாள் முந்தின நாளைவிடச் சீக்கிரமாகவே தங்குமிடத்தை அடைந்தோம். காரணம் எளிது. ஓடுவதும் காத்திருப்பதும் நின்றுபோய், எல்லோரும் ஒரே சீராக நடந்தோம். ஓய்வெடுத்தபோது எல்லோரும் ஒன்றாக ஓய்வெடுத்தோம். அன்றியும், முன்னால் நடந்த அந்தப் பையனுக்கு வாய் திறந்துகொண்டது. அவன் வீட்டில் எல்லோரும் வயல் வேலை செய்கிறவர்கள். கதிர் வாங்கி நிற்பது சம்பா, இன்னும் பச்சையாகத் தூர் கட்டிக்கொண்டிருப்பது தாளடி என்று அவன் காட்டிக்கொண்டே போனான். பின்னால் வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அதுவரையில் இரண்டும் ஒரே பச்சைதான்.

மன்னார்குடியில் இரவு அந்த ஐந்து கிலோ அரிசியையும் பொங்கி 23 பேரும் சாப்பிட்டோம். சுமையைத் தின்று தீர்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தாயாருக்குக் கைப்பேசியில் விஷயத்தைச் சொன்னேன். "எல்லாருக்கும் பத்துச்சுங்களா, ஐயா?" என்றுதான் முதலில் கேட்டார்.

சோறு கொடுத்தால் சிறை

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில், ஒரு கிராமத்துத் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி கூப்பிட்டார். "எங்கப்பா இத்தனை பேரு மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போறீங்க?"

"வேதாரண்யத்துக்குப் பாட்டி."

"ஏன், பஸ்ஸுக்குக் காசில்லையா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. உள்ளே போய், சுக்குத் தட்டிப் போட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறைய வரக்காப்பி கொண்டுவந்தார். வீட்டில் நாலு தம்ளர்தான் இருந்தன. முறை வைத்து எல்லோரும் குடித்தார்கள். பணம் கொடுக்கப் போன பையனைப் பாட்டி பார்த்த பார்வையில் அவன் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அன்றிரவு பிள்ளைகளுக்கு 1930-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அப்போது தஞ்சை ஜில்லாக் கலெக்டராக இருந்தவர் ஜே. ஏ. தார்ன் என்னும் ஆங்கிலேயர். சத்தியாக்கிரகிகளுக்கு உணவோ, தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் சிறைத் தண்டனை என்று அவர் எச்சரிக்கை விடுத்தார். நூறு பேரைச் சிறையில் அடைப்பதைவிட, வழி நெடுகிலும் சோறு கிடைக்காமல் செய்துவிடுவது சுலபம் என்று கருதினார் போலும். ஜனங்கள் என்ன செய்தார்கள்? தொண்டர்கள் வரும் வழியில் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் பகிரங்கமாகவே யாத்திரிகர்களை உபசரித்துச் சிறைக்குப் போனார். தஞ்சை ஜில்லாவில் தொண்டர்கள் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை.

கதையைக் கேட்டபின் ஒரு பையன், "ஸார், இன்று காப்பி கொடுத்த பாட்டி அன்றைக்கு இருந்திருந்தால் கொடுத்திருப்பாரா?" என்றான்.

"நிச்சயம் கொடுத்திருப்பார். நாம் கொடுத்திருப்போமா என்று கேள்" என்றான் இன்னொருவன்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. உபாத்தியாயர் பதில் சொல்லலாகாத கேள்விகள் சில உண்டு. கடைசியில் ஒரு மாணவி சொன்னாள்: "அதை இப்போது சொல்ல முடியாது. கொடுத்தவர்களாலும் முதல் நாள்வரை சொல்லியிருக்க முடியாதே."

சரித்திரப் பாடத்தில் இதைவிட நல்ல விடையை நான் கேட்டதில்லை. புத்தகத்தில் படிக்கும்போது தியாகிகள் வேறொரு ஜாதி மனிதர்களாகத் தோன்றுகிறார்கள். சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரன் வருகிறானா என்று சாலையைப் பார்த்த ஒரு குடியானவனாக அவர்களை எண்ணிப் பார்த்தால்தான் சரித்திரம் நம் வீட்டு விஷயமாகிறது.

வேதாரண்யம்

வேதாரண்யத்துக்குத் திருமறைக்காடு என்பது பழைய பெயர். வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற கோயில் கதவு நெடுங்காலம் மூடியே கிடந்ததாம். அப்பர் சுவாமிகள் பதிகம் பாடக் கதவு திறந்தது. ஞானசம்பந்தர் பாட அது மீண்டும் மூடிற்று. திறக்க அப்பர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. மூடுவதற்கோ சம்பந்தரின் முதற்பாட்டே போதுமானதாயிற்று என்று பெரிய புராணம் கூறுகிறது. அந்தச் சந்நிதியில் நின்றபோது பக்தியோடு வேறொரு நினைவும் எனக்கு வந்தது. ஒரு பிள்ளையின் மனக்கதவைத் திறக்கப் பல நாள் பாட வேண்டியிருக்கிறது. "உனக்கு இது வராது" என்னும் ஒரு வார்த்தையே அதை மூடிவிடுகிறது.

அவ்வூரில் வைரப்பன் என்ற நாவிதத் தொழிலாளியின் கதையையும் கேட்டோம். போராட்டக்காரர்களை அடிக்கும் போலீஸாருக்குச் சவரம் செய்வதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார். ஒருநாள் பாதிச் சவரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் மாறுவேஷத்தில் வந்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு நடந்தது. மிச்சத்தையும் செய்து முடிக்கும்படி நீதிபதி கூறினார். வைரப்பனோ தமது பெட்டியை நீதிபதியிடமே நீட்டி, வேண்டுமானால் தாங்களே செய்துகொள்ளலாம் என்றார் என்றும், அதற்காகச் சிறை சென்றார் என்றும் சொல்கிறார்கள். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. வகுப்பில் முதல் மாணவனாகவோ, பேச்சாளனாகவோ இருந்தால்தான் தேசத்துக்கு உழைக்கலாம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள் சிலர் அந்தச் சின்னத்தின் முன்னே வெகு நேரம் நின்றார்கள்.

மாணவிகளுக்கு நான் சொன்னது ருக்மிணி லக்ஷ்மிபதி அம்மையாரைப் பற்றி. 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர் அவர். தொண்டர்களை வரவேற்றுக் காத்த சர்தார் வேதரத்தினம் பிள்ளை, பின்னர் 1946-இல் அவ்வூரில் பெண்களுக்கென்று கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார். உப்பு எடுத்த ஊரிலேயே பெண் கல்விக்கும் விதை விழுந்தது.

உப்பில்லாத உப்பளம்

கடைசி நாள் அகஸ்தியம்பள்ளிக்குப் போனோம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறிக் கைதானது அங்கேதான். நினைவு ஸ்தூபிக்கு வணக்கம் செலுத்திவிட்டு, ஒரு பிடி உப்பு எடுப்பதற்காகப் பிள்ளைகள் அளத்தை நோக்கி ஓடினார்கள். உப்பு இல்லை! கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. இத்தனை தூரம் நடந்து வந்தது தண்ணீரைப் பார்க்கவா என்று அவர்கள் முகம் வாடிப்போயிற்று.

அளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சிரித்தார். "மார்கழியில வந்து உப்புக் கேட்டா எப்படித் தம்பி? தை பொறந்து தண்ணி வத்தணும், பாத்தியை மிதிச்சுச் சரிபண்ணணும், அப்புறம் வெயிலும் காத்தும் வரணும். நம்ம அவசரத்துக்கு உப்பு பூக்காது" என்றார். கரையில் பனையோலையால் மூடி வைத்திருந்த சென்ற பருவத்து உப்பு அம்பாரத்திலிருந்து ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்ட பாட்டையும் சொன்னார்.

அந்தக் கரையிலேயே ஒரு கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சோற்றில் போடும் உப்பு சுமார் 27 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லிட்டர் கடல் நீர் வற்ற வேண்டும்? "ஏறக்குறைய 37 லிட்டர்" என்று விடை வந்தது. விடையை முதலில் சொன்னவன் யார் என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் கடைசிப் பிள்ளை கணக்கை முடிக்கும் வரையில் யாரும் விடையை உரக்கச் சொல்லக்கூடாது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள். மன்னார்குடிச் சாலையில் கற்ற வழக்கம் அது.

அகஸ்தியம்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு 2023-ஆம் ஆண்டு முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. நாங்கள் இரண்டு நாள் நடந்த தூரத்தை ரயில் இரண்டு மணிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைகள், "அதோ அந்த வாய்க்கால்! அதோ நாம் படுத்த பள்ளிக்கூடம்!" என்று கூவிக்கொண்டே வந்தார்கள். நடந்து பார்த்தவர்களுக்கு ரயில் ஜன்னலிலும் ஊர் தெரிகிறது.

இதனால் அவர்கள் பரீட்சையில் அதிக மதிப்பெண் வாங்கினார்களா என்று ஒரு தகப்பனார் என்னைக் கேட்டார். இல்லை என்பதே உண்மை. கடைசியில் நடந்த பையன் இப்போதும் கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறுகிறான். ஆனால் புரியாத இடத்தில் கை தூக்குகிறான். பஸ் யோசனை சொன்ன மாணவன், தன் வேலை முடிந்ததும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறான். என் வகுப்பிலும் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஒரு கணக்கை முடித்து அடுத்ததற்குப் போகுமுன், கடைசியாக முடித்த பிள்ளைக்கு ஒரு நிமிஷம் மூச்சுவிட அவகாசம் தருகிறேன். பாடம் அதனால் பின்தங்கவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பள்ளியில் யாராவது ஓர் உபாத்தியாயர், பிள்ளைகளை நடத்தி அழைத்துப்போக அனுமதி கேட்டு வந்தால், மழை, வெயில், பாம்பு, லாரி ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் அவரைத் தயங்காமல் கேளுங்கள். திருப்தியான பதில் கிடைத்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வேதாரண்யந்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஊர் ஏரிக்கரை போதும். மூட்டையில் ரகசியமாக அரிசி மட்டும் கட்டிவிடாதீர்கள். வழியில் சோறு போட நம் நாட்டில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள்.